லைன் பெட்டியில் இருந்த கவர்

கவர் இல்லை.

சகாயசெல்வி இன்னொரு முறை பார்த்தாள். அண்ணனின் ஞானஸ்நானச் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். பாதி எரிந்த மெழுகுவத்தியை நகர்த்திப் பார்த்தாள். வேளாங்கண்ணியில் அண்ணனுக்கு மொட்டை போட்ட போட்டோ, அப்பாவின் விசில், பச்சைக்கொடி எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. வியாழக்கிழமை சாயங்காலம் அந்தச் சட்டைக்கு அடியில் இருந்த காக்கிக் கவர் மட்டும் காணோம். 'செல்விக்கு' என்று அம்மாவின் கையெழுத்தில் எழுதி, நாலு பக்கமும் பசை போட்டு ஒட்டிய கவர்.

"இன்னாம்மா தேடற?" என்று பின்னாலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

"ஒண்ணுமில்லப்பா. என் டைப்ரைட்டிங் சர்டிபிகேட்ட எங்க வைக்கலாம்னு பாக்கறேன்."

பச்சைப் பொய். சர்டிபிகேட்டை வைத்து ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது.

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். சூசைமுத்து கூட்ஸ் ரயிலில் கார்டாக இருந்து விழுப்புரத்தில் ஓய்வு பெற்றவர். வேலைக்குப் போன இடமெல்லாம் அவருடன் போன இரும்புப் பெட்டி இது. வெள்ளைப் பெயின்ட்டில் அவர் பெயர் எழுதியிருக்கும். லைன் பெட்டி என்பார்கள். வருகிற ஞாயிறு அல்ல, அதற்கடுத்த ஞாயிறு அவருக்கும் பிலோமினாவுக்கும் ஐம்பதாவது கல்யாண நாள். பூசை முடிந்த கையோடு குடும்பத்து ஞாபகங்களை இந்தப் பெட்டியில் வைத்து மூட வேண்டும், இருபத்தைந்து வருஷம் கழித்து அப்போது இருக்கிற பிள்ளைகள் திறக்க வேண்டும். இது பெங்களூரில் வேலை பார்க்கும் பேரன் ஆஸ்வினின் யோசனை. சட்டமும் அவனே போட்டான். ஒருத்தர் ஒட்டி வைத்த கவரை இன்னொருத்தர் பிரிக்கக் கூடாது.

நல்ல யோசனைதான். வீட்டில் யாருக்கும் மறைக்க ஒன்றும் இல்லாவிட்டால் ரொம்ப நல்ல யோசனை.

செல்விக்கு இந்தப் பெட்டி தூக்கத்தைக் கெடுத்து ஒரு வாரம் ஆகிறது. கெடுத்தது அவள் மகள் ஃப்ளோரா. "ம்மா, மாமா பொறந்த அன்னைக்குக் கட்டின நூல்ல இருந்து எல்லாம் இருக்குது. உன்னுது ஒண்ணுகூட இல்லியே" என்று கேட்டுவிட்டாள். செல்வி பெட்டியைக் கிளறிப் பார்த்தாள். உண்மைதான். அவள் இந்த உலகத்தில் இருந்ததற்கு அந்தப் பெட்டியில் முதல் சாட்சி, ஒன்பது வயதில் கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கியபோது எடுத்த போட்டோ. அதற்கு முன்னால் ஒரு சட்டை இல்லை, ஒரு கொலுசு இல்லை.

அம்மாவிடம் கேட்டால், "புயல்ல குவார்ட்டர்ஸ்ல தண்ணி பூந்து எல்லாம் போச்சு" என்றாள். அதே புயல், அதே குவார்ட்டர்ஸ், அதே டிரங்குப் பெட்டி. அண்ணனின் துணியை விட்டுவிட்டு இவள் துணியை மட்டும் தேடிப் பார்த்து எடுத்துக்கொண்டு போன தண்ணீரை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

அதனால்தான் வியாழக்கிழமை அந்தக் கவரைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா தனக்கும் எதையோ எடுத்து வைத்திருக்கிறாள்! சட்டம் சட்டம் என்று கையைக் கட்டிக்கொண்டு வந்தாள். இப்போது கவரே இல்லை.

அதுமட்டுமா? பெட்டிக்கு ஒரு புதுப் பூட்டு வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை வரை கிடையாது. சாவி, அப்பா கழுத்தில் போட்டிருக்கும், மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றில் தொங்குகிறது. அதைக் கழற்றித் திறந்துவிட்டவர், அவள் கை போகும் இடமெல்லாம் கண்ணை ஓட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார்.

"எதுக்குப்பா பூட்டு? நம்ம வூட்டுல யாரு திருடப் போறா?"

"சும்மாதாம்மா. எலி வருது."

இரும்புப் பெட்டியைத் திறக்கிற எலி. செல்வி சமையற்கட்டுக்குப் போனாள்.

பிலோமினா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ம்மா, என் பேருல ஒரு கவர் வச்சியே, எங்க அது?"

"எந்தக் கவரு?"

"காக்கிக் கவரு. அண்ணன் சட்டைக்கு அடியில."

"நான் ஒண்ணும் வைக்கலியே. நீ வேற எதையாச்சும் பாத்திருப்ப."

சொல்லிவிட்டு ஒரு காம்பை எடுத்து உருவினாள். அதில் இலையே இல்லை. ஏற்கெனவே உருவி முடித்த காம்பு.

செல்வி கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். சாதிச் சான்று, வருமானச் சான்று, வாரிசுச் சான்று என்று நாளெல்லாம் ஊரார் காகிதங்களைப் பார்த்துப் பார்த்து, எது ஒட்டுகிறது எது ஒட்டவில்லை என்று சட்டென்று பிடித்துவிடுவாள். எதிரே உட்கார்ந்திருக்கிற அம்மா ஒட்டவில்லை.

யார் எடுத்திருப்பார்கள்? முதலில் அண்ணி மேல்தான் சந்தேகம் போனது. நாத்தனாருக்கு அதுதானே வசதி. ஆனால் பாவம், அண்ணி பத்து நாளாகப் பெங்களூரில் ஆஸ்வின் வீட்டில் இருக்கிறாள். மிச்சம் ஒரே ஆள், லூசியா அத்தை.

அப்பாவின் தங்கை லூசியா, திண்டிவனத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வியாழக்கிழமை ராத்திரி வந்தாள். வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாள். காபி குடிக்காமல் கோயிலுக்குக்கூடக் கிளம்பாத லூசியா அத்தை, அன்றைக்குப் பல் விளக்கியதோடு கிளம்பிவிட்டாள்.

"பாண்டிச்சேரிக்குப் போயி டோனர் வாங்கிக்கினு வர்றேன்" என்று அம்மாவிடம் சொன்னாள் செல்வி. கடையை அங்கே வேலை பார்க்கும் கலையரசியிடம் ஒப்படைத்துவிட்டுத் திண்டிவனம் பஸ் ஏறினாள். எல்லோரும் பொய் சொல்கிற வீட்டில் அவள் மட்டும் ஏன் உண்மை பேச வேண்டும்?

விக்கிரவாண்டி தாண்டியதும் போன் வந்தது. அம்மா.

"எங்கடி இருக்க?"

"பாண்டி பஸ்லம்மா. ஒரே கூட்டம்."

சொல்லி முடிக்கவில்லை, கண்டக்டர் அவள் தலைக்கு மேலே நின்று, "கூட்டேரிப்பட்டெல்லாம் முன்னால வா! கூட்டேரிப்பட்டு!" என்று கத்தினான்.



"பாண்டி ரோட்டுல எப்பலருந்துடி கூட்டேரிப்பட்டு வந்துது?" என்றாள் பிலோமினா. பிறகு போனை வைத்துவிட்டாள்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. வைத்துவிட்டதுதான் செல்விக்குப் பயமாக இருந்தது.

திண்டிவனத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து ஜக்காம்பேட்டைப் பக்கம் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனபோது மணி பதினொன்றரை. பகலில் கதவைச் சாத்தாத வீடு. இன்றைக்கு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டிய பிறகு உள்ளே ஏதோ இழுபடும் சத்தம், பீரோ மூடும் சத்தம், அப்புறம்தான் கதவு திறந்தது.

"வாடி, வாடி. இன்னா திடீர்னு? போன் பண்ணக் கூடாதா? உக்காரு, மல்லாட்ட வெந்துக்கினு இருக்குது, எடுத்துக்கினு வர்றேன்."

"மல்லாட்ட வேணாம் அத்த. நீங்க உக்காருங்க." வேர்க்கடலை வேகும் வாசனை கூடம் முழுக்க இருந்தது.

மேஜைமேல் இருந்த அத்தையின் போன் அடித்தது. திரையில் 'அண்ணி' என்று வந்தது. லூசியா அதை எடுத்துக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். நின்று, மறுபடி அடித்தது.

"எடுங்களேன் அத்த. அம்மாதான்."

"இருக்கட்டும். காலைலருந்து அடிச்சிக்கினே இருக்கா. பேஜாரு புடிச்ச போனு."

நேராகக் கேட்டால் இந்த வீட்டிலும் காம்புதான் உருவுவார்கள் என்று செல்விக்குத் தெரிந்துபோயிற்று. கடையில் தினமும் பத்துப் பேர் அவளிடம் கதை விடுகிறார்கள். ஒரு நாள் தானும் விட்டுப் பார்த்தால் என்ன?

"அத்த, மறைக்காதீங்க. அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க" என்றாள். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள்.

லூசியா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டாளா? அவ வாயாலயா?"

"ம்."

"எப்போ?"

"காலைல."

லூசியாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டே சிரிக்கவும் செய்தாள். "அப்பாடா! மாதாவே, என் நெஞ்சுல இருந்த பாரம் எறங்கிச்சு. நான் எடுத்தது தப்பா ரைட்டான்னு ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கலடி. இரு, கொண்ணாந்து குடுத்துடறேன்."

உள்ளே போனாள். வலை விரித்தது அவள்தான், ஆனால் இப்படி முதல் இழுப்பிலேயே மாட்டும் என்று எதிர்பார்க்கவில்லை. அம்மா சொல்லாமல் வைத்திருப்பது அப்படி என்ன? சொல்ல என்ன இருக்கிறது?

பிரஷர் பார்க்கும் மெஷின் பெட்டியைத் திறந்து, அதற்குள்ளிருந்து அந்தக் காக்கிக் கவரை எடுத்து வந்து கொடுத்தாள் லூசியா. ஓரம் கிழிந்திருந்தது.

உள்ளே ஒரே ஒரு படம். உள்ளங்கை அளவு. முன்பக்கம், இயேசுவுக்கு யோவான் தண்ணீர் ஊற்றுகிற படம். ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் முடிந்ததும் சாமியார் கொடுக்கிற நினைவுப் படம். பின்பக்கம் நீல மையில் எழுதியிருந்தது.

சகாயசெல்வி. 17-2-1985. திண்டிவனம். ஞானத்தகப்பன்: சூசைமுத்து. ஞானத்தாய்: பிலோமினா.

செல்விக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. தன் பெயர்! இரண்டு மாசக் குழந்தையாக இருந்தபோதே தன் பெயர் ஒரு காகிதத்தில் இருந்திருக்கிறது. கூடவே அப்பா பெயர், அம்மா பெயர். இதைப் போய் ஏன் ஒளிக்க வேண்டும்? ஃப்ளோராவிடம் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இன்னொரு முறை படித்தாள்.

ஞானத்தாய்: பிலோமினா.

பெற்றவர்கள் தம் பிள்ளைக்கு ஞானப்பெற்றோராக நிற்க முடியாது. கோயில் சட்டம் அது. பெற்றவர்களுக்குப் பக்கத்தில் நின்று, 'இந்தப் பிள்ளைக்கு நாங்களும் பொறுப்பு' என்று வாக்குக் கொடுக்க வேறு இரண்டு பேர் வேண்டும். ஃப்ளோராவுக்கு நின்றது அவள் புருஷனின் தங்கை. அண்ணனுக்கு நின்றது இதோ, இந்த லூசியா அத்தை. எந்த ஊரிலும் எந்தச் சாமியாரும் பெற்ற தாயை ஞானத்தாய் என்று எழுதமாட்டார்.

அப்படியென்றால் பிலோமினா அவளைப் பெறவில்லை.

கல்யாணத்தின்போது அவளுடைய ஞானஸ்நான சர்டிபிகேட்டை அப்பாவே போய் வாங்கி வந்தார். ஒட்டிய கவரோடு பங்குச் சாமியாரிடம் நேராகக் கொண்டுபோய்க் கொடுத்தார். 'உனக்கு எதுக்கும்மா அலைச்சல்' என்றார். எவ்வளவு பாசம் என்று புருஷனிடம் பெருமையடித்துக்கொண்டாள் அவள். ஊர் சர்டிபிகேட்டையெல்லாம் பார்க்கிறவள், தன் சர்டிபிகேட்டை நாற்பது வயது வரை கண்ணால் பார்த்ததில்லை! அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"ஏண்டி மூஞ்சி இப்படி ஆவுது?" லூசியா குனிந்து பார்த்தாள். "அவதான் எல்லாத்தையும் சொல்லிட்டான்னு..." பாதியில் நிறுத்திவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! அவ சொல்லலியா? எங்கிட்ட போட்டு வாங்கினியா?"

"என்னைப் பெத்தது யாரு அத்த?"

"என்ன கேக்காத."

"நீங்களா?"

"சீ, போடி! நான் பெத்திருந்தா ஊருக்கே தண்டோரா போட்டுச் சொல்லியிருப்பேன். என்னை என்னான்னு நெனச்ச?" கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு செல்வியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ எதுக்கு இதத் திருடுனீங்க? நான் பாக்கக் கூடாதுன்னா?"

"பாக்கணும்னுதான்டி எடுத்தேன். உங்கம்மா இத எங்க வச்சா? இருவத்தஞ்சு வருசம் தொறக்காத பொட்டியில. அன்னைக்கு ராத்திரி எங்கிட்ட சொல்றா, 'லூசி, நான் செத்தப்புறம் அவ தெரிஞ்சிக்கட்டும்'னு. எனக்கு ஆத்திரம் தாங்கல. செத்தவங்ககிட்ட போயி இவ என்னாத்தக் கேப்பா? அதான் பொட்டியத் தொறந்து எடுத்துக்கினு வந்துட்டேன். உயிரோட இருக்கும்போதே நீ சொல்லு, சொன்னாத்தான் திருப்பிக் குடுப்பேன்னு போன்ல சொல்லிட்டேன். அதுலருந்துதான் விடாம அடிச்சிக்கினு இருக்கா. அண்ணன் பூட்டு வாங்கி மாட்டினதும் அதுக்கப்புறம்தான்."

அப்பாவுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்கு? அண்ணிக்கு? செல்விக்கு யார் முகத்தை நினைத்தாலும் அந்த முகம் தன்னைப் பார்த்து எதையோ மென்று விழுங்குவது போலவே இருந்தது.

வாசலில் ஆட்டோ நின்றது.

லூசியா எட்டிப் பார்த்துவிட்டு, "வந்துட்டா" என்றாள்.

பிலோமினாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து நாலு வருஷம் ஆகிறது. கோயிலில்கூட நாற்காலி போட்டுத்தான் உட்காருவாள். அவள் தனியாக பஸ் ஏறி, கம்பியைப் பிடித்துத் தொங்கி, இங்கே வந்து நிற்கிறாள். வாசலில் இருக்கும் இரண்டு படியை ஏற அவளுக்கு இரண்டு நிமிஷம் பிடித்தது. செல்வி எழுந்து போய்க் கை கொடுக்கவில்லை. கொடுக்காதது தனக்கே வலித்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

பிலோமினா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளின் கையில் இருந்த படத்தைப் பார்த்தாள். லூசியாவைப் பார்த்தாள்.

"குடுத்துட்டியா லூசி?"

"ஏமாத்தி வாங்கிட்டா அண்ணி. உங்க வளர்ப்புதானே!"

"சரி. நல்லதாப் போச்சு" என்றாள் பிலோமினா.

செல்வி பஸ்ஸில் வரும்போது ஆயிரம் கேள்வி சேர்த்து வைத்திருந்தாள். எல்லாம் ஒரு கவரைப் பற்றிய கேள்விகள். இப்போது அதெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"இருவத்தஞ்சு வருசம் கழிச்சு எனக்கு அறுவத்தஞ்சு வயசு" என்றாள். "எம் பொண்ணு, அவ புள்ளைங்க எல்லாரும் சுத்தி நிக்கும்போது நான் இதப் பிரிச்சுப் பாக்கணும். பாத்துட்டு கல்லறைக்குப் போயி சண்ட போடணுமா? அப்படித்தானே உங்க பிளானு?"

'உன்' என்று கேட்டே பழகிய காதில் அந்த 'உங்க' விழுந்ததும் பிலோமினா கண்ணை மூடித் திறந்தாள்.

"ஆமாண்டி. நீ கேக்கும்போது நான் மண்ணுக்குள்ள இருக்கணும்னுதான் நெனச்சேன். உம் மூஞ்சியப் பாத்து சொல்ற தைரியம் எனக்கு எந்தக் காலத்துலயும் வரல. மறைச்சுட்டே போயிடலாம்னாலும் மனசு கேக்கல. கோயில்ல உன்னத் தூக்கிக்கினு நின்னு வாக்குக் குடுத்தவடி நானு. ஞானஸ்நானம் முடிஞ்ச எட்டாம் நாளு, பெத்தவ உன்ன வச்சிக்க முடியலன்னு எங்கிட்ட வந்து நின்னா. ஞானத்தாய்னா சும்மாவா? வாங்கிக்கினேன். அவ்ளோதான் நடந்துது."

"அவங்க செத்துட்டாங்களா?"

பிலோமினா லூசியாவைப் பார்த்தாள்.

"கேக்கறேன் இல்ல? உசுரோட இருக்காங்களா, இல்லியா?"

"இருக்கா" என்றாள் பிலோமினா. "நல்லாத்தான் இருக்கா. உனக்கு அவளத் தெரியும். கல்யாண நாள் பூசைக்கு அவளுக்கும் சொல்லியிருக்கேன். வர்றேன்னுட்டா."

செல்வி எழுந்து நின்றாள். தெரியுமா? யார்? கோயிலில் முன் பெஞ்சில் உட்காருகிறவளா, கடைக்கு வருகிறவளா, கல்யாணங்களில் கன்னத்தைத் தடவி 'நல்லா இருக்கியா' என்று கேட்கிறவளா? தெரிந்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றிலும் தன் மூக்கையும் தன் நெற்றியையும் தேடினாள்.

"பேரச் சொல்லுங்க."

"அண்ணி, வந்தது வந்துட்டீங்க, உக்காந்து சொல்லுங்க" என்றாள் லூசியா.

பிலோமினா உட்காரவில்லை. நிலையைப் பிடித்திருந்த கை வெளுத்துப் போயிருந்தது.

"சொல்லிடறேன். சொல்லத்தான் வந்தேன். பேரக் கேட்டப்புறம் நீ யார என்னான்னு கூப்புடுவன்னு எனக்குத் தெரியாது. அத நான் கேக்கவும் மாட்டேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வாட்டி, அம்மான்னு கூப்புட்டுடுடி. காதுல வாங்கிக்கினு சொல்லிடறேன்."

கால் இடறினால், கரப்பான் பூச்சியைக் கண்டால், சாவி காணாமல் போனால், பிரசவ வலியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது, நாற்பது வருஷமாகக் கேட்காமலே செல்வியின் வாயில் வந்த சொல் அது.

செல்வி வாயைத் திறந்தாள். வரவில்லை.

பிலோமினா நின்றபடியே காத்திருந்தாள்.